அப்பாவின் எக்ஸ்

பூமி சூடேறிப்போன அந்தக் காலத்தில், தூத்துக்குடி உப்பளத்தின் ஐம்பத்தைந்து டிகிரி வெயில் ரோச்சின் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. குளிர்தான் ஆகாது.

மகன் பிறந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "வெயில் தாங்குற ஜீன் உங்க எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. அது மகளுக்குத்தான் போவும். பையனுக்கு உங்ககிட்டயிருந்து வர்றது ஒய் மட்டும்தான். இந்த வெயில்ல பிள்ளை பொழைக்காது."

மலையில் பிறந்த மனைவி பியூலா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்கே திரும்பினாள்.

மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ரோச் மலையேறினான். அங்கே அவனுக்காகச் சூடேற்றிய அறையை விட்டு அவன் வெளியே வரக்கூடாது. கண்ணாடிக்கு அப்பால் பந்தோடு நின்ற மகன், "வாங்கப்பா, விளையாடலாம்" என்றான்.

ரோச் கதவைத் திறந்துகொண்டு போனான். சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. மகன் தன் கையைப் பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.