லோடு ட்ரையல்

“பாய், வண்டிய இன்னிக்காவது குடுப்பியா, மாட்டியா?”

டோல்கேட் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பீம்ராவ் கத்தினான். அவனுடைய மினி லாரிக்கு அடியிலிருந்து மெக்கானிக் காஜா மொய்தீன் பாய் மெதுவாகத் தலையை நீட்டினார்.

“இன்னும் கோணம் செட் ஆவல நைனா.”

மழை பெய்தால் மணலி பக்கத்துக் குடோன்களுக்கு எந்த வண்டியும் போக முடியாது. தன் வண்டி மட்டுமாவது போகட்டும் என்று வண்டியைத் தாங்கும் கமான் பட்டைக்கும் சக்கரம் பூட்டிய ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்து உயரமாகத் தூக்கியிருந்தான் பீம்ராவ். தூக்கியதிலிருந்து வண்டி கொஞ்சம் வேகமெடுத்தாலே ஜன்னி கண்ட மாதிரி உதறியது. அதைச் சரிபார்க்கத்தான் பாயிடம் விட்டிருந்தான்.

“கட்டை வெச்சவன் சாய்ச்சி வெச்சிட்டான்,” பாய் உள்ளங்கையைச் சரித்துக் காட்டினார். “பின்னாடி ஆக்சில்ல ஷாஃப்ட்டு வந்து மாட்ற பினியன் மூக்கு கீழ குனிஞ்சிக்கினு கீது. கியர் பாக்ஸ் இன்னா சாய்மானத்துல கீதோ, அதே சாய்மானத்துல இதுவும் இர்க்கணும். இல்லாங்காட்டி நடுவுல சுத்தற ஷாஃப்ட்டு உதறத்தான் செய்யும். ஆப்பு மாதிரி தகடு குடுத்து மூக்கத் தூக்கிக்கீறேன்.”

“அப்புறம் இன்னா?”

“காலி வண்டில வெச்ச கோணம் லோடு ஏறுனா மாறிடும். லோடோட ஓட்டிப் பாக்கணும்.”

“இதையேதான் அன்னிக்கும் சொன்னே!”

பாய் மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டார்.

பீம்ராவ் முணுமுணுத்தபடி டீக்கடைக்கு நடந்தான். அந்த ஐப்பசியில் மழை விட்டு விட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணூர் லோடு ஏஜென்ட் செல்போனில் கூப்பிட்டபடியே இருந்தான். உயர வண்டிக்கு இதைவிட நல்ல காலம் எப்போது வரும்?

டீக்கடையில் கோதண்டம் வேறு எரிகிற கோபத்தில் எண்ணெய் ஊற்றினான். அவனும் லாரி டிரைவர்தான்.

“உன் வண்டி எப்பவோ ரெடி மாமு. நான்தான் தெனமும் பாக்குறேனே! சடையங்குப்பத்துத் தண்ணில ஜனங்கள ஏத்திக்கினு பாய் சவாரி அடிக்கிறாரு. வண்டி உன்னுது, கல்லா அவுருது!”

“இன்னா சொல்றே?”

“வா, காட்டுறேன்.”

மறுநாள் காலையிலேயே கோதண்டத்தின் பைக்கில் ஏறி, சடையங்குப்பத்தில் வெள்ளத் தண்ணீர் தொடங்கும் இடத்தில் போய் இறங்கினான் பீம்ராவ். சண்டைக்குத் தோதாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவன் வண்டி வந்தது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பட்டுப் புடவையில் ஒரு கல்யாணப் பொண்ணு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சீர்த்தட்டோடு பெண்கள். ஒருத்தர் நாதஸ்வரத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

“யோவ் பாய்! என் வண்டில சவாரியா அடிக்கிறே?”

பாய் வாயைத் திறப்பதற்குள் வண்டியின் மேலிருந்து பொண்ணின் அம்மா கெங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

“உன் வண்டியா? அப்ப நீதான் பீம்ராவா?”

“ஆமா. இன்னான்ற?”

“மவராசா!” என்று குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாய் எல்லாத்தையும் சொன்னாரு. தண்ணில மாட்டிக்கினவங்கள ஏத்திக்கினு வா, யாராண்டயும் காசு வாங்காதன்னு நீதான சொல்லி அனுப்பிச்சியாம்! எதிர்வூட்டுப் பெரியவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனது இந்த வண்டிதான். கொழந்திங்களுக்குப் பாலு வந்ததும் இதுலதான். இது இல்லாங்காட்டி இன்னிக்கு எம் பொண்ணு கண்ணாலமே நின்னுட்டிருக்கும். நீ நல்லா இர்க்கணும் நைனா!”

நாக்கு நுனிவரை வந்த வசவை பீம்ராவ் அப்படியே விழுங்கினான். பாயைப் பார்த்தான். பாய் ஸ்டியரிங்கில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோதண்டம் சத்தமில்லாமல் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான்.

“முகூர்த்தத்துக்கு நேரமாவுது,” என்று மேலிருந்து ஒரு குரல்.

“நீயே ஓட்டு நைனா,” பாய் நகர்ந்து இடம் விட்டார்.

தண்ணீரைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் பீம்ராவ் வேகத்தைக் கூட்டினான். வழக்கமாக உதறல் ஆரம்பிக்கும் வேகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். வண்டி தண்ணீரில் விட்ட மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பின்கண்ணாடி வழியே பார்த்தான். ஓடுகிற வண்டியிலேயே தோழி ஒருத்தி பொண்ணுக்குக் கண்மை தீட்டிக்கொண்டிருந்தாள். கோடு துளி கோணவில்லை.

காலடிப்பேட்டை மண்டபத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். “சாப்ட்டுட்டுத்தான் போவணும்,” என்று இரண்டு பேருக்கும் உத்தரவு போட்டுவிட்டுக் கெங்கம்மா உள்ளே ஓடினாள்.

பாய் சாவியை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

“தப்புதான் நைனா. முதல் ட்ரையல்லயே கோணம் செட் ஆயிடுச்சி. லோடோட பாக்கலாம்னு மணலி பக்கம் போனனா... இடுப்பளவு தண்ணில ஜனங்க நின்னுக்கினு இருந்தாங்க. உன்னாண்ட கேட்டா, ‘ஏஜென்ட் நிக்கிறான், வண்டிய குடு’ன்னுவே. அதான் பொய் சொல்லிட்டேன். இந்தா, எட்த்துக்கினு போ.”

பீம்ராவ் சாவியை வாங்கிக்கொண்டான். அவன் அப்படிச் சொல்லியிருப்பான்தான். அதிலென்ன சந்தேகம்?

செல்போன் அலறியது. எண்ணூர் ஏஜென்ட்.

“இன்னா பீம்ராவ், வண்டி ரெடியா? இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்குவேன்.”

பீம்ராவ் சாவியைப் பாயின் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு போனில் சொன்னான்:

“இல்ல சார். பினியன் கோணம் இன்னும் செட் ஆவல. தண்ணி வடியற வரைக்கும் லோடு ஏத்தி ட்ரையல் பாத்தே தீரணும்னு மெக்கானிக்கு ஒத்தக் கால்ல நிக்கிறாரு!”