சுலோச்சனா இருந்த இடம்

இடித்துவிட்ட வீட்டின் கூடத்தைப் பழைய புகைப்படங்களிலிருந்து அளந்து, தணிகாசலம் உள்ளே நடமாடும்படி முப்பரிமாண ஒளிப்பிம்பமாக எழுப்பியிருந்தார்கள். ஷோகேஸ்கூட இம்மி பிசகவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவரும் இரண்டு பிள்ளைகளும் அதே சோபாவில் சிரித்தார்கள். இறந்துபோன மனைவி சுலோச்சனாதான் எங்கும் இல்லை. எல்லாப் படங்களையும் எடுத்தவள் அவள்.

“கேமரா இருந்த இடமும் தெரியும் ஐயா,” என்று படங்களை அளந்த பெண், படத்துக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளிகளை ஏற்றினாள்.

முதல் தீபாவளியின் புள்ளி அவர் தோளுயரத்தில் மிதந்தது. வருடா வருடம் அது இறங்கிக்கொண்டே வந்தது. சுலோச்சனா இறப்பதற்கு முன் வந்த கடைசித் தீபாவளியின் புள்ளி இடுப்புக்கும் கீழே இருந்தது.

“அம்மா தரையில உக்காந்தா எடுத்தாங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“சீக்கிரம் எடுடி, பசிக்குது” என்று அன்று தான் அதட்டியது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது.

தரையில் உட்கார்ந்து, அந்தப் புள்ளியில் கண்ணை வைத்தார். சோபாவிலிருந்து மூவரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை.