பாதிப் படத்தில் ஒரு முகம்

"ஒரு கோடும் விடுபடக் கூடாது தம்பி. முதல் குடுத்த கடையில கெடுத்துப் போட்டினம்."

நாகேஸ்வரி கசெட்டை மேசையில் வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவருடைய மகளின் கல்யாண வீடியோ. இரண்டாயிரத்து ஆறில் வெள்ளவத்தையில் எடுத்தது. முதல் கடையில் மாற்றிக் கொடுத்த டிஸ்க்கை ஜவாத் ஓட்டிப் பார்த்தான். மணவறைக்குப் பின்னால் நீலச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் சட்டென்று கமெராப் பக்கம் திரும்பி, உடனே முகத்தை மறைத்துக்கொண்டான்.

"இந்த முகம்தான் வேணும்" என்றார் நாகேஸ்வரி.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கலங்கல்.

கொட்டாஞ்சேனையில் இருபது வருடமாக வீடியோக் கடை வைத்திருக்கும் ஜவாத் காரணத்தைச் சொன்னான். பழைய கசெட்டில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாகப் பதிவாகும். முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைக் கோடுகள்; நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இடையிலுள்ள இரட்டைப்படைக் கோடுகள். அதற்குள் ஆள் அசைந்தால் இரண்டும் பொருந்தாது. முதல் கடையில் இரண்டையும் கலந்து குழப்பியிருக்கிறார்கள்.

"நான் ரெண்டு பாதியையும் அப்படியே டிஸ்க்குல வெச்சுத் தாரேன்மா. பொறகு பிரிச்சுப் பாக்கலாம்."

நாகேஸ்வரி போகும்போது மகன் பிரசாந்தைப் பற்றிச் சொன்னார். இரண்டாயிரத்து எட்டில் வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் வீட்டிலிருந்து கூட்டிப்போனார்களாம், திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து விசாரணை ஆணைக்குழு, பொலிஸ், புதுக்கடை நீதிமன்றத்து லோயர் என்று ஏறி இறங்குகிறார். பிரசாந்துக்கு அப்போது இருபத்தொரு வயது. ஜவாத்தின் மூத்த மகனுக்கு இப்போது அந்த வயதுதான்.

மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஜவாத் மூன்று நாள் இதிலேயே இருந்தான். அந்த இளைஞன் திரும்புகிற ஒரு நொடியைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரேயொரு பாதியில் முகம் நேராக விழுந்திருந்தது. கண்ணும், தாடையில் இருந்த மச்சமும்கூடத் தெரிந்தன. ஜவாத் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, பக்கத்துக் கடையில் நல்லதொரு ஃபிரேமும் வாங்கிப் போட்டான்.

நான்காம் நாள் வந்த நாகேஸ்வரி படத்தை நெடுநேரம் பார்த்தார். அழுவார் என்று ஜவாத் பயந்தான். அவர் அழவில்லை. ஃபிரேமைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, படத்தை மட்டும் ஒரு ஃபைலுக்குள் செருகினார்.

"ஒங்கட மகன் நல்ல லட்சணமான புள்ளம்மா" என்றான் ஜவாத். "அல்லாஹ் அவரக் கண்ணுல காட்டணும்."

நாகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

"இது பிரசாந் இல்லைத் தம்பி. அவன்ர படம் வீட்டில நிறையக் கிடக்கு. இவன் அவன்ர கூட்டாளி. எங்கட வீட்டில சாப்பிட்டுப் படுத்தவன், ஒரு படத்துக்கும் முகம் காட்டாதவன். அண்டைக்கு அவங்களோட வானில வந்து, பிரசாந் படுத்திருந்த அறையைக் காட்டிக் குடுத்தது இவன்தான்."