விரிந்த கண்மணி

சொர்ணத்தின் கண்மணிகள் அகல விரிந்திருந்தன. அதைப் பார்த்த மாத்திரத்தில் பொன்ராஜ் மனசுக்குள் தாலியே கட்டிவிட்டான்.

பிடித்தவர்களைப் பார்த்தால் கண்மணி விரியும் என்று எங்கோ படித்திருந்தான். மருத்துவக் கல்லூரியில் பார்மகாலஜி பரீட்சையை இரண்டு தடவை கோட்டை விட்டவனுக்கு இந்த ஒரு சங்கதி மட்டும் மனப்பாடம்.

போன மாதம் தி.நகரில் நல்லசிவம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு வேட்டி வாங்கப் போனபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் அவருடைய மகளைப் பார்த்தான். அவள் இவனைக் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சொர்ணத்தின் முகம்தான். எப்படியோ ஊரில் பெரியவர்களைப் பேசவைத்துவிட்டான். இனி அவள் வாயால் 'பிடிச்சிருக்கு' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். வராவிட்டால் பையன் மூன்றாம் தடவையும் பெயில்தான், சந்தேகமே வேண்டாம்.

பெண் பார்க்க வரும் வழியில், ஸ்கூட்டரில்கூட மாமன் மகன் தனபாலன் அவனை விட்டபாடில்லை. அவனும் அதே கல்லூரி. சைதாப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன், பார்மகாலஜியில் மெடல் வாங்கிய மகானுபாவன்.

"அட்ரோபின் குட்த்தா இன்னா ஆவும், சொல்லு மச்சி."

"வாய் உலரும். நெஞ்சு படபடக்கும். கண்மணி விரியும். ஏலே, எனக்கு இப்பவே பாதி இருக்குல!"

"அது அட்ரோபின் இல்ல நைனா, பயம். அப்பால, கிட்டக்க கீறது கலங்கலா தெரியும். அத்த எழுதாம வுட்டுதான ரெண்டு வாட்டியும் மார்க்கு போச்சு? சரி, மாத்து மருந்து இன்னா?"

"இன்னைக்கு ஒரு நாளு விட்டுருல, புண்ணியமாப் போகும்!"

இரவல் வாங்கிய லாம்பரெட்டாவுக்கு ஸ்டாண்டு கிடையாது, உடைந்துவிட்டது. ஆகவே தனபாலன் தன் வெள்ளை பெல்பாட்டத்தோடு கேட்டருகே வாதாம் மரத்தடியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொன்ராஜ் மட்டும், ஹாஸ்டல் வார்டனைக் கெஞ்சி வாங்கிய கோட்டுக்குள் புகுந்துகொண்டு, கூடத்து நாற்காலியில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான். அந்தக் கோட்டுக்குள் இரண்டு பொன்ராஜ் கொள்ளும்.

"வாங்க, வாங்க! வழியில ஒண்ணும் சிரமம் இல்லையே?" என்றார் நல்லசிவம்.

"இல்லீங்க" என்றான். தொண்டை உலர்ந்து கிடந்ததில் எண்பது வயசுக் கிழவர் குரல்தான் வெளியே வந்தது.

சொர்ணம் காபி கொண்டுவந்தாள். அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளித் தம்ளரைக் காற்றில் வைத்தாள். காபி முழுக்க வார்டன் கோட்டில்!

'என்னைப் பார்த்ததும் கை நடுங்குதே!' என்று பொன்ராஜ் உள்ளுக்குள் துள்ளினான். அவள் அம்மா தங்கபுஷ்பம் ஜன்னலைத் திறந்ததும், வெயில் பட்டுச் சொர்ணம் கண்ணைச் சுருக்கித் தலை குனிந்தாள். ஆகா, நாணம்! பிறகு நிமிர்ந்து அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். நேருக்கு நேர் பார்க்க வெட்கம், பாவம்! எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. பரீட்சையில்தான் இருப்பதில்லை.

"அம்மா, கேட்டுப் பக்கம் காயப்போட்ட வடாத்தைக் காக்கா கொத்துது பாரு" என்றாள் சொர்ணம்.

அவ்வளவு தூரத்துக் காக்கா இவள் கண்ணுக்குத் தப்பவில்லையே! கெட்டிக்காரி, குடித்தனம் நன்றாக நடத்துவாள் என்று அதற்கும் ஒரு மார்க் போட்டான்.

நல்லசிவம் தொண்டையைச் செருமினார். "நல்லாப் பாத்துக்கிட்டியா தாயி? பிடிச்சிருக்கா?"

பொன்ராஜ் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தான். சொர்ணம் இன்னொரு தரம் அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"ரொம்பப் பிடிச்சிருக்குப்பா."

அடித்தது யோகம்! பொன்ராஜ் திரும்பி, வாசலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். தனபாலன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். சொர்ணமும் சிரித்தாள். வீடே சிரித்தது.

தங்கபுஷ்பம் கேசரித் தட்டோடு வந்தாள். "காபியைக் கொட்டினதைத் தப்பா நினைக்காதீக. தலைவலின்னு காலையில கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனோம். என்னமோ சொட்டு மருந்து விட்டுட்டாரு. நாளைக்கு வரைக்கும் கண்ணு இப்படி விரிஞ்சேதான் இருக்குமாம்."

பொன்ராஜுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்படியானால் அந்தக் கண் விரிந்தது தன்னைப் பார்த்து இல்லை, அட்ரோபின் ஜாதி மருந்தால்! வாய் உலரும், படபடக்கும், கண்மணி விரியும். இன்னும் ஒன்று உண்டே, என்ன அது? வழக்கம்போல அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. போகட்டும், வாயைத் திறந்து பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாளே, அது போதாதா!

"மாப்பிள்ளைக்கு உன் கையாலயே குடும்மா" என்று தங்கபுஷ்பம் தட்டை மகளிடம் கொடுத்தாள்.

பொன்ராஜ் இரண்டு கையையும் நீட்டினான். சொர்ணம் அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு, வாதாம் மரத்தையே பார்த்தபடி வாசலை நோக்கி நடந்தாள்; போகிறபோக்கில் அவனிடம் சொன்னாள்:

"பெரியவரே, காலைக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க."