லிங்க் அனுப்புகிறவள்

“உனக்கு மட்டும் எப்படிடீ இவ்ளோ நல்ல லிங்க்கா சிக்குது?” என்று பதினொன்றாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஸ்நேகா ஒருநாள் கேட்டாள். ஸ்நேகா அந்தப் பள்ளிக்குப் புதிது. அனுப்பிரியா பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் அனுப்பினாள்.

ஒரு பாடத்துக்கு நாலைந்து வீடியோவாவது பார்ப்பாள் அனுப்பிரியா. தனக்குப் புரிந்ததைத்தான் குழுவில் போடுவாள். ‘வெக்டாருக்கு இந்த சைட் பாருங்க, தமிழ்லயே சொல்றாங்க’ என்று கீழே ஒரு வரி எழுதுவாள். அதற்கு வரும் பதில்களை விட்டால், நாள் முழுக்க அவளோடு பேச யாருமில்லை.

“சார் நடத்துனா தூக்கம் வருது, நீ அனுப்புனா புரியுது” என்று எழுதினான் தீனா.

“டேய், இந்த குரூப்புக்கு அட்மினே அவர்தான்” என்றான் இன்னொருவன். தீனா அவசரமாக அழித்தான். அனுப்பிரியா வாய்விட்டுச் சிரித்தாள்.

அரையாண்டு விடைத்தாள் கொடுத்த அன்று ஸ்நேகா எழுதினாள்: “அனு, உன்னாலதான் மேக்ஸ்ல பாஸாயிட்டேன். ஏ செக்‌ஷன்ல கேட்டா நீ பி-ன்றாங்க, பி-ல கேட்டா ஏ-ன்றாங்க. எந்த பெஞ்ச்டீ நீ? நாளைக்கு உன் பக்கத்துலதான் உக்காரப் போறேன்.”

அனுப்பிரியா அதை இரண்டு முறை படித்தாள். குரோம்பேட்டை ஜவுளிக்கடையின் மாடிக் கிடங்கில், விலைச்சீட்டு ஒட்ட வேண்டிய சேலைகள் அவளைச் சுற்றிக் குவிந்திருந்தன. பத்தாவதோடு அவள் பள்ளியை விட்டு நின்ற பிறகு, பழைய பத்தாம் வகுப்புக் குழுவையே பதினொன்றாம் வகுப்பு என்று பெயர் மாற்றினார்கள்; அதிலிருந்து அவள் எண்ணை நீக்க யாருக்கும் தோன்றவில்லை.

“சொல்லுடீ” என்று ஸ்நேகா மறுபடி எழுதினாள்.

அனுப்பிரியா குழுவிலிருந்து வெளியேறினாள்.