வாழ்த்தி வழியனுப்புவோர்

பாங்காக்கில் இறங்கிய அரை மணி நேரத்தில் சவரிநாதன் ஒரு வண்டிக்காரனைப் பாதி விலைக்குப் படிய வைத்துவிட்டான்.

அந்தப் பெருமையைச் சொல்லத்தான் ஓடும் வண்டியிலிருந்தே, இங்கே காலை ஒன்பதரைக்கு, ராயபுரம் கடைக்குப் போன் போட்டான். எடுத்தவள் கரோலின். கடைக்குப் பாதி முதலாளி, அவனுக்கு முழு மனைவி.

மீன்பிடி வலை விற்கிற கடை. தாய்லாந்துக் கம்பெனியை நேரில் பார்த்து ஏஜென்சியை வாங்கி வரப் போயிருந்தான். முதல் வெளிநாட்டுப் பயணம்.

பாஷையே தேவைப்படவில்லையாம். டிரைவர் வாயைத் திறக்கவே இல்லையாம். செல்போனில் ஆயிரத்து இருநூறு பாட் என்று தட்டி நீட்டினானாம். இவன் அதை வாங்கி அறுநூறு என்று தட்டினானாம். உடனே தலையாட்டிவிட்டானாம்.

காசிமேட்டில் ஒரு கூடை சங்கரா மீனுக்கு இதைவிட அதிகம் மல்லுக்கட்ட வேண்டும் என்று சிரித்தான்.

கரோலினுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. பாதி விலைக்கு உடனே தலையாட்டுகிறவனுக்கு வியாபாரம் குறியில்லை, வேறு ஏதோ குறி. கல்லாவில் பதினேழு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இது கூடவா தெரியாது.

யார் வண்டி என்று கேட்டாள்.

கம்பெனி அனுப்பியதுதானாம். கம்பெனி வண்டியோ கலெக்டர் வண்டியோ, விலை கேட்காமல் ஏற அவனுக்குக் கால் வராது. வாசலில் பெயர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றானாம் டிரைவர். அதுவும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்லை, இங்கிலீஷில் 'ராயபுரம் சவரி' என்றே எழுதியிருந்ததாம். கடல் தாண்டியும் நம்ம மவுசு தெரிஞ்சிருக்கு என்றான்.

அவள் கம்பெனி அனுப்பிய மெயிலைத் திறந்தாள். வண்டிச் செலவு எங்களுடையது, டிரைவர் பணம் வாங்க மாட்டார் என்று இருந்தது.

அதற்குக் கீழே பத்துப் பாதுகாப்பு யோசனைகள். போகும் நாளையும் விமானத்தையும் ஊரறியச் சொல்லாதீர்கள் என்பது முதலாவது.

போன வாரம் அதை அவள் உரக்கப் படித்துக் காட்டியபோது சவரி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏணிமேல் ஏறியிருந்த அவன் கூட்டாளிகள் கடைக்கு எதிரே பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'தாய்லாந்து செல்லும் எங்கள் ராயபுரம் சவரியே!' கோட்டு, கூலிங் கிளாஸ், தலைக்குப் பின்னால் ஒரு விமானம், அது கிளம்பும் தேதி, நேரம். அடியில் 'வாழ்த்தி வழியனுப்புவோர்' முப்பத்திரண்டு பேர், தபால்தலை அளவு முகங்களோடு, கும்பிட்டபடி.

அதில் பாதிப் பேர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்பதுதான் அவள் சந்தேகம்.

கல்லாமேல் கிடந்த இன்னொரு போனில் செய்தி வந்து விழுந்தது. கம்பெனிதான். எங்கள் டிரைவர் மூன்றாம் வாசலில் காத்திருக்கிறார், உங்கள் கணவர் இன்னும் வெளியே வரவில்லையே.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

குரல் நடுங்கக் கூடாது. சவரி போனைக் காதில் வைத்துப் பேசுகிறவன் இல்லை. கடைக்குப் பின்னால் போட் என்ஜின் பட்டறை. அந்தச் சத்தத்தில் பழகியவன், ஸ்பீக்கரில் போட்டு வாய்க்கு நேரே ரொட்டித் துண்டு மாதிரி பிடித்துக்கொள்வான். அவள் சொல்வது வண்டி முழுக்கக் கேட்கும்.

கேட்கட்டும். ராயபுரத்துப் பேச்சு சென்ட்ரலைத் தாண்டினாலே பாதிப் பேருக்குப் பிடிபடாது. அந்த ஊர்க்காரனுக்கு எங்கே புரியப் போகிறது.

"தோ பாரு, சிரிச்சிகினே கேளு. அது கம்பெனி வண்டி இல்ல. சிக்னல்ல நின்னா பெட்டிய வுட்டுட்டு எறங்கி ஓடிடு, இன்னா?"

சவரி சிரித்தான். சொன்னபடியே, நீளமாக. அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை.

வண்டி வேகம் குறைவது கேட்டது. நின்றது.

கதவுகள் பூட்டிக்கொண்டன. நாலும் ஒரே சத்தத்தில்.

பிறகுதான் டிரைவர் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"பயப்படாத அண்ணி, அண்ணன நான் பாத்துக்கறேன். நானும் பேனர்ல கீறேன் இல்ல?"

லைன் அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி வந்தாள்.

கடல் காற்றில் பேனர் உப்பி உப்பித் தணிந்தது. முப்பத்திரண்டு பேரும் அவளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.