ஒரு குடம் கடல்தண்ணீர்

மருமகள் ஜானட்டின் தலையில் ஆறு தையல். அதற்குக் காரணம் யாரென்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. 

ராயபுரம் வீட்டின் கூரையிலிருந்து காங்கிரீட் பெயர்ந்து, தூங்கிக்கொண்டிருந்தவள்மேல் விழுந்திருந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் வேலப்பனையே கூப்பிட்டிருந்தார்கள். வந்தவன் வாசற்படியில் நின்றபடி, அண்ணாந்துகூடப் பார்க்காமல், "உப்புதான்" என்றான்.

"உப்பு இன்னா பண்ணும்?" என்றான் மகன் ஃப்ரெடி.

"உள்ள கீற கம்பிய துரு புடிக்க வெக்கும். துரு ஏற ஏற கம்பி வீங்கும். வீங்க எடம் ஏது? காங்கிரீட்ட வெடிக்க வெச்சிடும்."

"உப்பு எப்பிடி உள்ள போச்சு?"

உப்பு இரும்பைத் தின்பதைப் படகிலேயே பார்த்தவர் ஸ்டானிஸ்லாஸ். கூரைத் தளம் போட்ட அன்று, சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும், ஒரு குடம் கடல்தண்ணீரை முதல் கலவையில் ஊற்றியவர் அவர்தானே. முப்பது வருடம் வலை வீசிப் பிழைத்த மனுஷன். சோறு போட்ட கடலும் வீட்டில் இருக்கட்டும் என்று ஓர் ஆசை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் குடம்தான் பெற்ற மகளைப்போல இருந்தவளின் மண்டையைப் பிளந்திருக்கிறது. நாலு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் உயிரே போயிருக்கும். இனியும் மறைத்தால் நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தோன்றியது.

"நான்தான்டா" என்றார். ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

ஃப்ரெடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே ஜானட் வலியில் முனகுவது கேட்டது.

"உம்மேல உசுரையே வெச்சிருந்தா நைனா அவ" என்றான். "உன் மூஞ்சிய பாக்க முடில. அக்கா வூட்டுக்கு போயிடு. இனிமே இங்க வராத."

  பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.

படியிறங்கப் போனவரின் கையை வேலப்பன் பிடித்துக்கொண்டான். 

"போவாத மாமு. அன்னிக்கு தண்ணி லாரி வர்ல. நானும் கடலுக்குத்தான் போனேன்."

ஃப்ரெடி திரும்பிப் பார்த்தான்.

"நீ மொண்டது ஒரு கொடம். நான் மொண்டது பத்து டிரம்மு."